கோடில்லாத மாத்திரை

மாத்திரையை விரலால் தொடலாகாது என்பதே இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கி, காகித உறைக்குள் சரியவிட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் வேறுவிதமாகச் செய்ததில்லை. ஆகவே, டாக்டரம்மா, உங்கள் மேசைமேல் கிடந்த அந்த மூன்று மாத்திரைகளையும் நீங்கள் விரல்நுனியால் உருட்டிப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது அச்சமன்று. கை கழுவாமல் தொடுகிறாரே என்றுதான் தோன்றியது. ஊறிப்போன பழக்கம், மன்னிக்க வேண்டும்.

என் ஓரகத்தியையும் குழந்தையையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். இவை இந்த மருத்துவமனை மருந்தகத்திலிருந்து வந்தவையா என்று கேட்டீர்கள். ஆம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான்தான் எடுத்துச் சென்று அவளுக்குக் கொடுத்தேன். இதோடு விடை முடிந்தது. ஆனாலும் வெறும் விடை பாதி உண்மையாகவே நின்றுவிடும். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஒரே வீட்டுக்காரர்கள். கீழே நானும் என் கணவரும் மாமியாரும். மாடியில் என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும். என் கணவருக்கு மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. தம்பி பேருந்து ஓட்டுகிறார். அவள் வீட்டிலேயே தையல் தைக்கிறாள். படிகளில் இறங்குவதைவிடத் தாவுவதே அதிகம் என்பதால், வந்த வாரத்திலேயே மாமியார் அவளுக்குச் சிட்டு என்று பெயரிட்டார். எனக்கு அவர் பெயர் எதுவும் இட்டதில்லை. 'பெரியவ' என்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

எனக்கு மணமான இரண்டாம் ஆண்டு, உங்களுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக்கொடுத்தார். பிள்ளை வேண்டும் என்று எண்ணுகிறவள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே அதை உண்ண வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு ஆண்டுகள் உண்டேன். ஒருநாளும் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்த நாளிலும், மாமனார் இறந்த நாளிலும் தவறியதில்லை. காலையில் இறைவனைத் தொழுவேன், மாத்திரையை விழுங்குவேன், வேலைக்குப் புறப்படுவேன். இரண்டு முறை கரு தங்கிற்று. ஒன்று பத்து வாரம் இருந்தது. மற்றொன்று அதற்கும் ஒரு வாரம் கூடுதல். பிறகு தங்கவே இல்லை. எட்டாம் ஆண்டு, 'இனி இது வேண்டாம்மா' என்று அந்த டாக்டர் மெல்லச் சொன்னார். கருவின் முதுகுத்தண்டைக் காக்கும் மருந்தை, காப்பதற்கு ஒரு முதுகுத்தண்டும் இல்லாமல், ஏழு ஆண்டுகள் விழுங்கியிருக்கிறேன். பூட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காகக் காத்திருந்தவளின் நிலை.

சிட்டு வந்த நான்காம் மாதம், கழுத்தில் அளவுநாடா தொங்க, என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க முன்னாடி ஒரு மஞ்ச மாத்திரை போடுவீங்களாமே. எனக்கும் அது வேணும்."

"யார் சொன்னா?"

"உங்க கொழுந்தனார்தான். குழந்தை வேணும்னா முன்கூட்டியே போட ஆரம்பிக்கணுமாம். பஸ்ல யாரோ ரெண்டு நர்ஸ் பேசிக்கிட்டு வந்தாங்களாம். இவர் ரோட்டைப் பாத்து ஓட்டினாரா, காதை மட்டும் பின்னாடி அனுப்பிட்டாரான்னு தெரியல."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவில்லை. "அவகிட்ட டப்பா டப்பாவா இருக்கும், வாங்கிக்கோ. இவளுக்குக் குடுத்ததெல்லாம் பாறையில ஊத்தின தண்ணி. அப்பவே உனக்குக் குடுத்திருந்தா இந்நேரம் வீட்ல ரெண்டு ஓடியாடிக்கிட்டு இருக்கும்."

"அத்தே, அப்ப நான் ஸ்கூலுக்கு ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டுப் போயிட்டிருந்தேன்."

மாமியார் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்ததாக நினைவு. பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை பேச்சை மனசுல வச்சுக்காதீங்கக்கா. எனக்குப் பொறந்தா அது உங்களுக்கும் பிள்ளைதானே."

பொறாமை என்று நீங்கள் மனத்துக்குள் எழுதிக்கொள்கிறீர்கள். அந்தச் சொல்லை நானும் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். பிறரிடம் இருக்கும் ஒன்றைக் கண்டு மனம் வேகுவதற்கே அந்தப் பெயர். அன்றைக்கு அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவருமே வெறுங்கையர்கள்தாம். அவளிடம் இருந்தது உறுதி ஒன்றே. கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி. இன்னும் விளையாத வயலிலிருந்து எனக்கு ஒரு படி அளந்து தருகிற அளவுக்கு உறுதி. அந்தக் கொடையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மருந்தகத்தில் மாத்திரை எடுத்தேன். இங்கே எல்லாம் பெரிய டப்பாக்களில் உதிரியாக வருவது உங்களுக்குத் தெரியும். ஃபோலிக் மாத்திரை இருக்கும் தட்டுக்கு இரண்டு தட்டுக் கீழே இன்னொரு வைட்டமின் டப்பா உண்டு, வாய்ப்புண்ணுக்குக் கொடுப்பது. அன்றிருந்த சரக்கில் இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே பருமன். ஃபோலிக் மாத்திரையின் நடுவே ஒரு கோடு இருக்கும், மற்றதில் இராது. கோடில்லாததில் முப்பது எண்ணி உறையில் இட்டேன். 'தினம் ஒன்று, காலை உணவுக்குப் பின்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

அதை யார் விழுங்கினாலும் ஒரு தீங்கும் இல்லை. இதை நீங்கள் மறக்கக்கூடாது. நஞ்சு எதையும் நான் கொடுக்கவில்லை. மாத்திரையே உண்ணாத தாய்மார்களுக்கும் நல்ல பிள்ளைகள் பிறக்கின்றன, பெரும்பாலோர்க்கு அப்படித்தான். தவறாமல் உண்டவர்க்கும் எப்போதாவது குறையோடு பிறப்பதுண்டு. நான் எடுத்தது குடையை மட்டும். மழையைப் பெய்விப்பதும் விடுவதும் மேலே இருப்பவன் திருவுள்ளம். அன்று காலையும் தொழுதுவிட்டுத்தான் புறப்பட்டேன். அவனே முடிவு செய்யட்டும் என்று மனமாரச் சொன்னேன்.

எங்கள் மருந்தகத்தில் ஒரு விதி உண்டு: பழைய உறையைக் காலியாகக் காட்டினால்தான் புதிய உறை. வீட்டிலும் அதை நடத்தினேன். முப்பதாம் நாள் அவள் காலி உறையை நீட்டுவாள். நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததைக் கொடுப்பேன். 'அக்கா டீச்சரா போயிருக்கணும்' என்பாள். ஒருமுறை தண்ணீர்க் குவளையோடு எதிரிலேயே நின்று விழுங்க வைத்தேன். மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பு என்பது வீடறிந்தது. அந்தக் கண்டிப்பை மாமியார்கூட மெச்சினார்.

மூன்றாம் உறை நடந்துகொண்டிருக்கையில் ஒரு பிற்பகல், மருந்தக சன்னலுக்கே வந்துவிட்டாள். வரிசையில் நிற்கிறவர்களை ஒதுக்கிக்கொண்டு கம்பிக்குள் முகத்தை நுழைத்தாள்.

"அக்கா, எட்டு நாள் தள்ளிப் போயிருக்கு. இன்னும் அவர்கிட்டகூடச் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான்."

அவள் பின்னால் நின்ற பெரியவர் இருமினார். "அம்மா, நல்ல சேதின்னா சந்தோஷம். எனக்கு பிரஷர் மாத்திரை."

இனிச் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேளுங்கள். கருவில் முதுகுத்தண்டாக வரப்போவது தொடக்கத்தில் ஒரு மெல்லிய தகடு. அது சுருண்டு, விளிம்பு விளிம்பைத் தேடி ஒட்டிக் குழாயாகிறது. துணியை மடித்து ஓரம் தைப்பது போன்ற வேலை. தையற்காரிக்குச் சொன்னால் உடனே விளங்கும். அந்தத் தையல் கருத்தரித்த நான்காம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றால் மூன்று வாரம் ஆயிற்று. கணக்குப்படி இன்னும் ஆறேழு நாள் மிச்சம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதை எண்ணி முடித்தேன். எண்ணுவதுதானே என் தொழில்.

அன்று மாலையே கோடுள்ள மாத்திரையில் முப்பது கட்டிக் கைப்பையில் வைத்தேன். இதுவும் என் பக்கத்து நியாயம். கொடுக்கும் எண்ணத்தோடுதான் வைத்தேன். அன்று மாடியேறினேன், அவள் கணவர் அவளை உட்கார வைத்து, அவளுக்குப் பதிலாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இறங்கிவிட்டேன். மறுநாள் மாமியார் தம் தட்டிலிருந்து பழத்துண்டை எடுத்து அவள் வாயில் ஊட்டினார். எனக்குக் கரு தங்கிய இரண்டு முறையும் அந்தக் கை அப்படி நீண்டதில்லை. அதற்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்பது நினைவில்லை. ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். பத்து நாள் அந்த உறை என் பையில் வேலைக்குப் போய்த் திரும்பியது. பதினோராம் நாள் கொடுத்தேன்.

"என்னக்கா, இதுல கோடு போட்டிருக்கு?"

"கம்பெனி மாறியிருக்கு."

"இது கொஞ்சம் அழகா இருக்கு," என்று விழுங்கினாள்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்க நானே உடன் சென்றேன். எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள், ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினாள். அந்த ஓரிடத்திலேயே கருவியைத் திரும்பத் திரும்ப நகர்த்தினாள். சிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முதுகின் அடிப்புறத்தில் தண்டு மூடவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். பிறந்தால் என்னென்ன நேரலாம் என்று சொன்னார்கள். வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு என்றார்கள். வேண்டும் என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள். பெண் பிறந்தது. இரண்டாம் நாளே முதுகில் அறுவை நடந்தது. இடுப்புக்குக் கீழே அதற்கு உணர்வில்லை.

'என்ன பாவம் பண்ணினாளோ' என்றார் மாமியார். இப்போது அது மாடியைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் யாரும் அவளைச் சிட்டு என்று அழைக்கவில்லை. சின்னவ என்றார்கள். நாங்கள் இருவரும் அந்த ஆண்டுதான் முதன்முறையாகச் சமமானோம்.

குழந்தைக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. நான்கு மணிக்கொரு தரம் மெல்லிய குழாய் செலுத்தி எடுக்க வேண்டும். செவிலி சொல்லிக்கொடுத்தபோது பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாயை நான் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் வேலை. பகல் பணியை அரைநாளாக மாற்றிக்கொண்டேன். உடற்பயிற்சி, கால் தாங்கி மாட்டுவது, புண் வராமல் புரட்டிப்படுக்க வைப்பது எல்லாம் என் கைதான். நான்கு வயதாகிறது, பேச்சு வாயாடிப் பேச்சு. தாங்கி மாட்டியதும் 'என் இரும்புக் கால் எழுந்திரிச்சுடுச்சு, பெரியம்மா' என்பாள். ஒருநாள் படுக்கவைக்கப் போனால், 'என் காலுக்குத்தான் தூக்கம் வருது, எனக்கு வரல' என்று வாதாடினாள். அவள் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த மருத்துவமனையில் பலர் அவளை என் குழந்தை என்றே நினைத்திருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

இனி இன்றைய செய்தி. அவளுக்கு மறுபடியும் ஐந்து வாரம். முதல் பிள்ளைக்கு இப்படி ஆனதால் என்ன எச்சரிக்கை வேண்டும் என்று கேட்க உங்களிடம் அழைத்து வந்தேன். முன்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று வழக்கப்படி கேட்டீர்கள். அவள் தன் பையிலிருந்து பொத்தான் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து, மூன்று மாத்திரைகளை உங்கள் மேசைமேல் வைத்தாள்.

"டாக்டர், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அஞ்சு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. மூணு நாள் மறந்துட்டேன். அக்கா திட்டுவாங்கன்னு பயந்து, மாத்திரையப் பட்டன் டப்பாவுல போட்டுட்டு, காலி உறைய மட்டும் திருப்பிக் குடுத்துட்டேன். இந்த மூணு மாத்திரையாலதானே என் பொண்ணுக்கு இப்படி ஆச்சு?"

நீங்கள் மாத்திரைகளை உருட்டிப் பார்த்தீர்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க அவ்வளவு பாத்துப் பாத்துக் குடுத்தீங்க. உங்களையும்தானே ஏமாத்திட்டேன்."

நான் திட்டியிருப்பேன் என்பது மெய்தான். எண்ணிக் கொடுத்தவளுக்கு எண்ணிக்கை தவறினால் பொறுக்காது. அந்தப் பயமே மூன்று மாத்திரைகளை எனக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஐந்தாண்டு பழைய மாத்திரை, கோடு தேய்ந்திருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒருவேளை நம்பியும் இருப்பீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்றால், அவள் அப்படிக் கேட்டபோது என் உள்ளத்தில் எழுந்தது இரக்கம் அன்று. இரக்கம் என்று சொல்லிக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் முழு உண்மையையும் சொல்வதாக உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் எழுந்தது. கருவுற்றவள் அவள், பெற்றவள் அவள், வீடெல்லாம் இரங்கியதும் அவளுக்கே. இப்போது அந்தக் குழந்தை அப்படி ஆனதற்குக் காரணமும் அவளேயா? ஐந்து ஆண்டுகளாக அதையும் தனதாக்கிக்கொண்டு, பொத்தான்களுக்கு நடுவே ஒளித்து வைத்து, தனியே அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அந்தக் குழந்தையில் எனக்கென்று இருக்கும் பங்கு அது ஒன்றுதான், டாக்டரம்மா. அதை அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் மறந்த மூன்றாலும் ஒன்றும் ஆகவில்லை. விழுங்கியவற்றாலும் ஒன்றும் ஆகவில்லை. செய்தவள் நான்.

எழுந்துவிட்டீர்கள்.

"இப்ப என்ன குடுத்துக்கிட்டிருக்கே? இந்தத் தடவை அவளுக்கு எதைக் குடுத்தே?"

இதுவரை 'நீங்க' என்றவர் 'நீ' என்கிறீர்கள். பரவாயில்லை. ஐந்து வாரம் என்பதால் பதறுகிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் பதறுவேன்.

அசல் மாத்திரைதான் கொடுத்தேன். முதல் குழந்தைக்குக் குறை இருந்தால் வீரியம் கூடியதைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதையே கொடுத்தேன். மூன்று மாதமாக ஒருநாள் தவறவில்லை. வேண்டுமானால் இப்போது அவள் பையில் இருக்கும் உறையை வாங்கிப் பாருங்கள்.

திருந்திவிட்டேன் என்று எண்ணுகிறீர்கள் போலும். முகம் சற்றுத் தெளிந்தது. அப்படி எண்ணினால் அதுவும் பாதி உண்மையாகவே நிற்கும். ஓடியாடும் பிள்ளை ஒன்று வீட்டுக்கு வர வேண்டும். நல்ல காலோடு, நல்ல முதுகோடு வர வேண்டும். வந்தால் பெற்றவள் அதன் பின்னால் ஓடுவாள், மாமியார் ஓடுவார், தகப்பன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஓட முடியாதவளை யாரும் தேட மாட்டார்கள். அவள் எனக்கு மிஞ்சுவாள். அதற்காகத்தான் இம்முறை ஒவ்வொரு மாத்திரையையும் கோடு பார்த்து எடுத்தேன். நான் கேட்டது என் பங்கு மட்டும். அதற்கு மேல் யாரிடமும் எதையும் எடுக்கவில்லை.

கதவைத் திறக்கப் போகிறீர்கள். மெல்லத் திறவுங்கள், இந்த வாரங்களில் அவள் அதிரக்கூடாது. உன் மாத்திரை சரியானதுதான் என்று முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அமைதியாகிவிடுவாள். என்னை நம்பாமல் அவள் இதுவரை ஒரு மாத்திரையும் விழுங்கியதில்லை.